மலையேறும்போது எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. கல்யாணம், கருமாதி, தோட்டத்துத் திருவிழா என்றால் இன்றும் வான் பிடித்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போகிறார்கள். இறம்பொடை வளைவுகளில் பொனற்றைத் திறந்துவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு காத்துநிற்கும் வான்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது; ஓடுபவற்றில் பல பழைய வண்டிகள்.

மலை எஞ்சினைக் கெடுத்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பழுது கிளிநொச்சியிலேயே இருந்திருக்கும். மலை அதை வெளியே காட்டுகிறது.

ஏ9 வீதியில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிர்விக்கும். விசிறி வேலைசெய்யாவிட்டாலும் தெரியாது. கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா ஏறத்தாழ 1,870. அந்த ஏற்றத்தில் வண்டி சின்னக் கியரில் ஊர்கிறது. எஞ்சினுக்கு வேலை கூட, காற்றோ குறைவு. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். ரேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து அந்தக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் றப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அறிகுறிகளை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஏற்றத்தில் மட்டும் சூடேறி, சமதரையில் இறங்கினால் விசிறியையோ அதன் பெல்ற்றையோ பாருங்கள். எல்லா வீதியிலும் சூடேறினால் நீர்க்கசிவு, அடைபட்ட ரேடியேற்றர், தேய்ந்த தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். புறப்பட்டுச் சிறிது நேரத்திலேயே சூடேறி, மேல்குழாய் கொதிக்க, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் தேர்மோஸ்ரற் திறக்காமல் சிக்கியிருக்கலாம். எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறமானாலோ, சூடேறிய பின்னும் வெள்ளைப்புகை நிற்காவிட்டாலோ ஹெட் காஸ்கெற் போயிருக்கக்கூடும். அந்த வண்டியை ஓட்டவேண்டாம்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றர் இருந்தால் முழுதாகப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். அரைமணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் திறக்கவே கூடாது; பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சினுக்குள் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆறியபின் ஓடைத்தண்ணீர் ஊற்றியாவது ஊர்போய்ச் சேரலாம். ஆனால் அதை அப்படியே விட்டால் உள்ளே துருவும் சேறும் படியும். கழுவி கூலன்ற் விடவேண்டும்.

பயணத்துக்கு முதல்நாள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ற் மட்டம், மூடி, குழாய்கள், பெல்ற், விசிறி ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.