ரயில் விளையாட்டில் எழுந்த துணைச் சரக்குப் புகார்கள்

கணினியில் ரயில் ஓட்டும் ‘டிரெயின் சிமுலேட்டர்’ என்ற விளையாட்டு இங்கிலாந்துச் சரக்கு. கென்ட் வட்டாரத்துச் சாத்தம் நகரின் டவ்டெயில் கேம்ஸ் நிறுவனம் தயாரித்தது. இதற்கும் வணிகர் இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். இதை வாங்கியவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார்களைப் படித்தபோது, நம் கல்லாவுக்கு எதிரே நின்று ஒருவர் பேசுவதுபோலவே நமக்குப் பட்டது.

வியாபார முறை இதுதான். மூல விளையாட்டில் சில ரயில் பாதைகளே இருக்கும். மற்றப் பாதைகள், எஞ்சின்கள் எல்லாம் துணைச் சரக்கு, தனித்தனி விலை. ஒரு பாதைக்குச் சுமார் 25 முதல் 30 பவுண்டு. இப்படி நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அனைத்தையும் கூட்டினால் பல ஆயிரம் பவுண்டு என்று கணக்குப் போட்டுப் பத்திரிகைகள் வியந்தன.

இந்த வியப்பில் நமக்கு உடன்பாடில்லை. பொம்மை ரயிலுக்குப் பேர்போன ஹார்ன்பி கம்பெனியும் அதே கென்ட்டில், மார்கேட் ஊரில்தான் இருக்கிறது. அதன் விலைப்பட்டியல் முழுவதையும் யாரும் வாங்குவதில்லை. பிரைட்டன்காரர் தம் ஊர் வண்டியைத் தேடி வாங்குவார். ஜவுளிக்கடையிலுள்ள புடவை விலையெல்லாம் கூட்டி நம்மை யாரும் கொள்ளைக்காரர் என்பதில்லையே!

வழக்கமான வாடிக்கையாளரின் மனக்குறை வேறு. புதிதாக வாங்கிய ஓட்டப் பயிற்சித் தொகுப்பைத் திறந்தால், அதற்கு வேண்டிய பெட்டிகள் இன்னொரு துணைச் சரக்கில் இருக்கும். அதையும் வாங்கினால்தான் வண்டி நகரும். ‘இது வேண்டும், அதுவும் வேண்டும்’ என்ற குறிப்பு விற்பனைப் பக்கத்தில் இருந்தாலும், அவசரத்தில் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. இன்னும் சிலருக்கு சிக்னல் பச்சையாகாமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். மூல விளையாட்டைப் புதுப்பித்தபின் பழைய துணைச் சரக்கு மக்கர் செய்வதும் உண்டு. மிக்சியின் மாடலை மாற்றிவிட்டு, பழைய ஜார் பொருந்தவில்லை என்று வருபவரிடம் கையை விரிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இனி பணம் திரும்பப் பெறும் விஷயம். இச்சரக்கு பெருமளவு விற்பது ‘ஸ்டீம்’ என்னும் அமெரிக்க இணையக் கடையில். 2015 ஜூனில் அக்கடை ஒரு விதி வகுத்தது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். துணைச் சரக்கு என்றால், அதை வாங்கியபின் மூல விளையாட்டை ஆடிய நேரம் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த விளையாட்டில் நிஜ நேரப்படியே ஓட்ட வேண்டும். லண்டன்–பிரைட்டன் பாதை ஏறக்குறைய 51 மைல். நின்று நின்று போகும் வண்டியில் ஒருமுறை போனாலே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். திரும்பி வரும்போது கோளாறு தெரிந்தால் கெடு முடியும் நேரமாகிவிடும். துப்பாக்கி விளையாட்டுக்கு அளந்த படியால் ரயிலையும் அளந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள குறுந்தட்டைக் கடையில் வாங்கியவர் 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அதே சரக்கைக் கம்பி வழியே இறக்கியவருக்கு அந்த உரிமை இல்லை. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று. முடியாதபோதுதான் விலைக் குறைப்பு.

வாடிக்கையாளர் கையில் வேறொரு ஆயுதம் இருக்கிறது. 2013 நவம்பர் முதல் ஸ்டீம் கடையில் வாங்கியவர் தம் கருத்தைச் சரக்கின் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். நம் கடை வாசலில் விலைப்பலகைக்குக் கீழே புகாரை ஒட்டிவைத்தது போல! அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்.

நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2020 ஆகஸ்டில் ‘டிரெயின் சிம் வேர்ல்டு 2’ என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டபோது, முந்தைய பதிப்புக்கு வாங்கிய பாதைகள் பலவற்றை, வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றிப் புதியதில் சேர்த்துக் கொடுத்தது. நம் பேரேட்டில் அந்தச் செலவை விளம்பரக் கணக்கில்தான் எழுதுவோம்.