கல்விச்சாலை கேட்ட பேராசான்

கி.பி. 70 ஆம் ஆண்டிலே உரோமப் பேரரசின் படைகள் எருசலேம் நகரைக் கைப்பற்றின. யூத மக்களின் பெருங்கோயில் தீக்கிரையாயிற்று. நாடெங்குமிருந்து பலியும் காணிக்கையும் ஏந்திவந்த மக்களுக்கு இனிச் செல்வதற்கு ஓரிடமில்லை. பலி செலுத்திய குருமாருக்கு இனிச் செய்வதற்குத் தொண்டில்லை. கோயிலையே உயிராகக் கொண்ட அச்சமயம் அன்றோடு முடிந்ததென்றே பகைவர் எண்ணியிருப்பர். ஆனால், அது முடியவில்லை. அதனைக் காத்தவர்களுள் முதல்வராக வைத்துப் போற்றப்படுபவர் ஓர் ஆசிரியர். சக்காயின் மகன் எனப் பொருள்படும் யோகனான் பென் சக்காய் என்பது அவர் பெயர். அவருடைய வரலாறு வன்னி மண்ணில் வாழ்வோர்க்கு வேற்று நாட்டுப் பழங்கதையாக மட்டும் தோன்றாது.

ஆசானும் மாணவரும்

யூத வேதத்தையும் சமயச் சட்டங்களையும் கற்றுப் பிறர்க்கு உணர்த்தும் ஆசான்மாரை ரபி என்று அழைப்பர். யோகனானுக்கோ அதனினும் உயர்ந்த ரபான் என்னும் பட்டம் வழங்கிற்று. பேராசான் ஹில்லேலிடம் கற்ற எண்பது மாணவருள் இவரே கடையர் என்பது மரபு. கடையரே இத்தகையரெனின் ஏனையோர் எத்தகையரோ என்று நம்மை வியக்கவைக்கும் செய்தி அது.

கலிலேயா நாட்டின் அராவ் என்னும் ஊரில் அவர் 18 ஆண்டுகள் இருந்தாராம். அத்தனை ஆண்டுகளிலும் ஐயம் தெளிய அவரை நாடி வந்த வழக்குகள் இரண்டே. ஆயினும் அவர் கற்பதை விட்டாரில்லை. சந்தையில் எதிர்ப்படுவோர் யூதராயினும் வேற்றினத்தவராயினும் தாமே முந்தி வணக்கம் கூறுவார். அவரை முந்திக்கொண்டவர் ஒருவருமில்லை என்பர். நிறையக் கற்றவன் அதனைத் தன் பெருமையாகக் கொள்ளலாகாது, கற்பதற்காகவே அவன் படைக்கப்பட்டான் என்பது அவர் மாணவர்க்கு உணர்த்திய பாடம்.

பிணப்பெட்டியிற் சென்றவர்

கி.பி. 66 இல் உரோமருக்கு எதிராக யூதர் கிளர்ந்தெழுந்தனர். எருசலேம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. நகருக்குள்ளேயோ கட்சிகள் ஒன்றோடொன்று மோதின. பல்லாண்டுக்குப் போதுமாயிருந்த தானியக் களஞ்சியங்கள் உள்நாட்டுப் பகையினாலே எரிந்து சாம்பராயின. பசி நகரைத் தின்றது. சமாதானம் செய்யுமாறு யோகனான் வேண்டியதைப் போர்முனைப்புக் கொண்டோர் செவிமடுக்கவில்லை. நகரைவிட்டு வெளியேற எவர்க்கும் அனுமதியில்லை. பிணங்களுக்கு மட்டுமே வாயில் திறந்தது.

அதன்பின் நிகழ்ந்ததைத் தல்மூது என்னும் யூதப் பெருநூல் பின்வருமாறு உரைக்கின்றது. யோகனான் நோயுற்றவர்போற் கிடந்து, பின்பு இறந்தவர்போற் பெட்டியில் அடங்கினார். எலியேசர், யோசுவா என்னும் மாணவர் இருவர் பெட்டியைச் சுமந்தனர். உள்ளே இருப்பது பிணந்தானா என்று அறிய ஈட்டியாற் குத்த முனைந்தனர் வாயிற்காவலர். தம் ஆசானையே குத்தினார்கள் என்று உரோமர் இகழமாட்டாரோ என்ற சொல் அவர்களைத் தடுத்தது. பெட்டி வெளியேறிற்று.

உரோமத் தளபதி வெஸ்பாசியன் முன் நின்ற யோகனான் அவனை அரசனென விளித்தார். அவன் சினந்துகொண்டிருக்கும்போதே, அவனே புதிய பேரரசன் என்னும் செய்தியோடு உரோமிலிருந்து தூதன் வந்தான். வியந்த வெஸ்பாசியன் வேண்டியதைக் கேட்குமாறு பணித்தான். அவர் கேட்டவை மூன்று. யாவ்னே என்னும் சிற்றூரையும் அங்குள்ள அறிஞரையும் காக்கவேண்டும். கமாலியேல் என்னும் ஆசானின் குலத்தைக் காக்கவேண்டும். நோன்பினால் நலிந்த சாதோக்கு என்னும் முதியவர்க்கு மருத்துவரைத் தரவேண்டும். ஒரு கல்விச்சாலை, ஒரு குலமரபு, ஒரு நோயாளியின் உயிர். அவ்வளவே.

வரலாற்றாய்வாளர் இக்கதையின் விவரங்களை அப்படியே ஏற்பதில்லை. வெஸ்பாசியன் பேரரசனானது கி.பி. 69 இல், மறு ஆண்டு நகரை வீழ்த்தியவன் அவன் மகன் டைட்டஸ். எனினும், அழிவின்பின் யாவ்னேயில் யோகனான் கற்பித்தார் என்பதும், அங்கு தழைத்த கல்வியே யூத சமயத்தின் புதிய அடித்தளமாயிற்று என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவன.

குறைவாகக் கேட்டாரா?

எருசலேமை அல்லவா கேட்டிருக்கவேண்டும்? இக்கேள்வி நம்முடையது மட்டுமன்று. பின்வந்த ரபிகளே இதனை எழுப்பினர். அவரைப் பழித்தும் பேசினர். பெரிதைக் கேட்டிருந்தால் அது கிட்டாததோடு சிறிதும் கைநழுவியிருக்கும் என்று அவர் அஞ்சினார் என்பது அதே தல்மூது தரும் விடை. பழியையும் விடையையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்தமை அம்மரபின் நேர்மை.

மரணப் படுக்கையில் யோகனான் அழுதாராம். தம்முன் இரு வழிகள் இருப்பதாகவும், தாம் எவ்வழியே கொண்டுசெல்லப்படுவோமென அறியாமையாலே அழுவதாகவும் மாணவர்க்குக் கூறினார். அக்கண்ணீரிலே பழைய முடிவின் பாரமும் கலந்திருக்கலாம் என நாம் எண்ண இடமுண்டு.

கோயிலுக்கு ஈடு எது?

ஒருநாள் அவரும் யோசுவாவும் இடிந்த கோயிலைக் கண்டனர். பாவம் போக்கும் இடம் பாழாயிற்றே என்று மாணவர் கதறினார். அதற்கு நிகரான பரிகாரம் ஒன்று நம்மிடம் உண்டு. அது மனிதர்க்கு மனிதர் செய்யும் அன்புச் செயலே என்று ஆசான் தேற்றினார். மற்றொருகால், கையில் மரக்கன்றோடு நிற்கும்போது மீட்பர் வந்துவிட்டார் என்று எவரேனும் கூறினால், முதலிற் கன்றை நட்டுவிட்டுப் பின்பு அவரை எதிர்கொள்ளச் செல்க என்றார்.

மனிதன் கைக்கொள்ளத்தக்க நல்வழி யாது என்று ஐந்து மாணவரை அவர் வினவினார். நற்பார்வை, நல்ல நண்பன், நல்ல அயலவன், விளைவை முன்னறிதல், நல்ல நெஞ்சு என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கூறினர். நல்ல நெஞ்சினுள் ஏனைய யாவும் அடங்கும் என்றார் ஆசான்.

அம்மாணவருள் எலியேசரைத் துளியும் சிந்தாத சாந்துபூசிய நீர்த்தொட்டி என்றும், எலாசாரைப் பெருகும் ஊற்று என்றும் அவர் புகழ்ந்தார். கனகராயன் ஆற்றைத் தேக்கும் இரணைமடுக் குளத்தை அறிந்தோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். அணையில்லாத ஆறு கடலைச் சேரும். ஆறில்லாத குளம் வெடித்த சேறாகும். மரபைக் காப்போரும் வேண்டும். புதிது காண்போரும் வேண்டும். பிற்காலத்திலே தோழரைப் பிரிந்து தனித்து வாழ்ந்த எலாசார், கற்றதையெல்லாம் மறந்தார் என்பது மரபு. கூட்டம் நீங்கிய ஊற்று வற்றிவிட்டது.

நம் மண்ணில்

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்றபோது வன்னி மக்கள் இழந்தவற்றை ஈண்டு எண்ணிக்காட்ட வேண்டுவதில்லை. எண்ணுவோர் வீடுதோறும் உளர். எருசலேமோடு எல்லா வகையிலும் ஒப்புமை கூறுவதும் நம் நோக்கமன்று. இங்கு எவரும் வென்றவன்முன் நின்று வரம் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. ஆயினும் செட்டிகுளத்து முகாம்களிலே கொட்டகைகள் வகுப்பறைகளாயின. அவ்வாண்டே அங்கிருந்து மாணவர் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

கல்விச்சாலை, இழந்த உயிர்க்கு ஈடாகாது. கேட்கவேண்டிய நீதிக்கும் ஈடாகாது. யாவ்னேயும் எருசலேமுக்கு ஈடாகவில்லை. எருசலேமை நினைந்து அழுவதற்கும் நினைவைக் காப்பதற்கும் கற்றவர் சிலரை அது உயிரோடு வைத்திருந்தது. கன்றை நடுவோர் மீட்பை மறந்தவரல்லர். கொப்பியைத் திறந்து அமரும் ஒவ்வொரு வன்னிச் சிறுவனும் சிறுமியும் அத்தகைய கன்றை நடுகின்றனர். அதற்கு நீர் வார்ப்பது பெரியோர் கடமை.