பேசாத பிள்ளைகளைப் பேச வைத்த 2 டிரம்கள்!

குழந்தைக்கு வயது 4. ரேடியோவில் பாட்டு வந்தால் துள்ளிக் குதிக்கும். கூடவே ராகம் இழுக்கும். ஆனால் "அம்மா" என்று ஒரு வார்த்தை வராது!

இப்படி ஒரு பிள்ளை உங்க தெருவிலும் இருக்கலாம். "அவங்க அப்பனே 4 வயசுலதான் பேசினான். தானா வரும்" என்று பாட்டி சொல்வாள். வருஷம் ஓடிவிடும்.

ராகம் வருகிற வாயில் வார்த்தையையும் வரவழைக்க முடியுமா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்தார்கள். 2011-ல் முடிவை வெளியிட்டார்கள்.

தட்டு, பாடு!

ஆட்டிசம் உள்ள 6 குழந்தைகள். எல்லாரும் 5 வயதைத் தாண்டியவர்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போயும் புரியும்படி ஒரு வார்த்தை பேசாதவர்கள்.

இதற்கு வேண்டிய சாமான் 2 டிரம். ஒன்று மேல் சுருதி, ஒன்று கீழ் சுருதி. அப்புறம் கொஞ்சம் படங்கள். அவ்வளவுதான்!

பயிற்சி தருபவர் ஒரு படத்தைக் காட்டுவார். அதன் பெயரை இரண்டு சுருதியில் இழுத்துப் பாடுவார். அசைக்கு ஒரு தட்டு. நம்ம பாஷையில் சொன்னால், "இட்" என்று ஒரு தட்டு, "லி" என்று ஒரு தட்டு. குழந்தையின் கையைப் பிடித்து அதையும் தட்ட வைப்பார்.

முதலில் இவர் மட்டும் பாடுவார். அடுத்து இரண்டு பேரும் சேர்ந்து. அப்புறம்தான் வேடிக்கை. இவர் பாதியில் வாயை மூடிக்கொள்வார்! மீதியைக் குழந்தை முடிக்கணும்.

வாரம் 5 நாள், 8 வாரம். ஆக 40 தடவை. ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம்.

6 பேருக்கும் முன்னேற்றம்! சொல்லித்தராத வார்த்தைகளையும் சிலர் சொன்னார்கள். பயிற்சி முடிந்து 8 வாரம் கழித்துப் பார்த்தபோதும் மறந்துவிடவில்லை. கையும் வாயும் சேர்ந்து வேலை செய்வதுதான் இதில் சூட்சுமம் என்கிறார்கள்.

எதிர்ச் சாட்சி

உடனே டிரம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். 6 பேர் என்பது சின்னக் கணக்கு. 2016-ல் இன்னும் அதிகம் பேரை வைத்து, பாட்டு இல்லாத பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். பாட்டுக்குத்தான் மார்க் அதிகம்.

ஆனால் 2017-ல் வந்த செய்தி வேறு. 9 நாடுகளில் 364 குழந்தைகளை வைத்து வேறொரு மாதிரி இசைப் பயிற்சியைப் பார்த்தார்கள். குழந்தை போகிற போக்கிலேயே கூடப் பாடி வாசிப்பது. 5 மாதம் ஆகியும், மற்றவர்களோடு பழகுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்தப் பாட்டு, எதற்காக, யார் சொல்லித் தருகிறார் என்பதெல்லாம் பார்க்கணும். பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துப் பாட்டு போட்டுவிட்டு, அம்மா அடுப்படிக்குப் போவது இந்தப் பயிற்சி அல்ல. போன் பாதியில் நிறுத்திவிட்டுப் பிள்ளையின் வாயைப் பார்க்காது!

முதலில் காது

பாட்டைக் கேட்டு ஆடுகிறது, அதனால் காது நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். அது தப்பு. தாளத்தின் அதிர்வு தெரியும். "ச"வும் "ப"வும் காதில் விழாமல் இருக்கலாம்.

16 மாதம் ஆகியும் ஒரு வார்த்தை வரலியா? 2 வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலியா? பாட்டி சொல்கிற கெடுவுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்க. சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலும் மத்திய அரசு நிலையம் ஒன்று இருக்கிறது. பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-ல் தொடங்கியது.

எங்கே போனாலும், சீட்டு வாங்கியதும் கேட்க வேண்டியது காது டெஸ்ட்!