இலத்திரனியல் தாளக்கருவியும் இசைக்கலைஞரின் தேவைகளும்

புதிய இலத்திரனியல் தாளக்கருவியொன்று சந்தைக்கு வரும்போது, அதில் அடங்கியுள்ள ஒலிகளின் எண்ணிக்கையே பெரிதும் விளம்பரப்படுத்தப்படுகின்றது. ஆயின், இக்கருவிகளின் வளர்ச்சியை நோக்குமிடத்து, தாளத்தை அமைக்கும் உரிமையையே இசைக்கலைஞர் தொடர்ந்து வேண்டி வந்துள்ளனர் என்பது புலனாகும்.

1959 இல் ஐக்கிய அமெரிக்காவின் வேர்லிற்சர் நிறுவனம் வெளியிட்ட சைட்மான் என்னும் கருவியில், சுழலும் தட்டொன்று வோல்ற்ஸ், ராங்கோ முதலிய நடனத் தாளங்களை இயக்கியது. வேகத்தை மாற்றலாம், தாளக்கோலத்தை மாற்றவியலாது. எத்தாளங்கள் வேண்டும் என்பதை உற்பத்தியாளரே தீர்மானித்தனர். 1978 இல் யப்பானின் றோலண்ட் நிறுவனம் வெளியிட்ட சீஆர்-78, நுண்செயலியின் துணையுடன், கலைஞர் தாமே அமைத்த கோலங்களை நினைவகத்தில் சேமிக்க இடமளித்தது. முதலாவது தேவை இவ்வாறு நிறைவேறத் தொடங்கியது.

இரண்டாவது தேவை, ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே ஆளுதல். 1980 இல் வந்த றோலண்ட் ரீஆர்-808 இல், ஒரு சுற்றின் 16 கூறுகளுக்கு 16 பொத்தான்கள் இருந்தன. வேண்டிய கூறுகளுக்கு அழுத்தம் கொடுக்கலாம். ஒலிகள் பலவற்றைத் தனி வெளியீடுகளின் மூலம் பெறலாம். ஒலிப்பதிவின்போது பெருமுரசைத் திருத்துவதற்காக ஏனையவற்றையும் மாற்றவேண்டிய நிலை இதனால் நீங்கியது.

மூன்றாவது, காலத்தின் நெகிழ்ச்சி. றொஜர் லின் 1980 இல் அறிமுகப்படுத்திய எல்எம்-1, மெய்யான முரசொலிகளை எண்முறையில் பதிந்து வைத்திருந்தது. இரட்டை எண் கூறுகளைச் சற்றுப் பிந்தி ஒலிக்கச் செய்யும் வசதியும் அதில் இருந்தது. அடுத்தடுத்த இரு கூறுகளுள் முதலாவது 50 வீத நேரத்தைப் பெற்றால் நடை சமமானது. ஏறத்தாழ 67 வீதத்தைப் பெற்றால் அது திஸ்ர நடையைச் சாரும். இவற்றுக்கு இடைப்பட்ட அளவுகளிலேயே மனிதக் கையின் அசைவு உணரப்படுகின்றது. லின் வடிவமைத்து அக்காய் நிறுவனம் 1988 இல் வெளியிட்ட எம்பிசி-60 இல், விரலின் விசையை உணரும் 16 தட்டுப்பரப்புகள் அமைந்தன. இயந்திரம் காலத்தைத் திருத்தலாம். அத்திருத்தத்தை நிறுத்தும் அதிகாரம் கலைஞரிடம் இருத்தல் வேண்டும்.

சுற்றின் நீளமும் இத்தகையதே. பதினாறு கூறுகள் நான்கு அடிகளுக்கு இயல்பாகப் பொருந்துவன. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ரசாபுவையோ ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்டசாபுவையோ அமைக்க வேண்டின், சுற்றைக் குறுக்கவும் நீட்டவும் இயலவேண்டும். இவ்வசதியற்ற கருவி, ஒரு பண்பாட்டின் தாளத்தையே பொது அளவுகோலாக்கி விடுகின்றது.

கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதும் முக்கியமானது. முன்னர் நிறுவனங்கள் வெவ்வேறு இணைப்பு முறைகளைக் கையாண்டமையால், ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கியவர் அதனையே சார்ந்திருக்க நேர்ந்தது. அமெரிக்கரான டேவ் சிமித், றோலண்ட் நிறுவனரான இக்குற்றாரோ ககேஹாஷி முதலியோரின் முயற்சியால் 1983 இல் நடைமுறைக்கு வந்த மிடி என்னும் பொதுமுறை இத்தடையைப் பெரிதும் தளர்த்தியது.

இவை யாவற்றோடும் விலையையும் சேர்த்து நோக்குதல் அவசியமாகும். எல்எம்-1 ஏறத்தாழ 5,000 டொலருக்கு விற்கப்பட்டது. ரீஆர்-808 இன் விலை 1,195 டொலர். மெய்யான முரசைப் போன்று ஒலிக்கவில்லை என்ற குறைக்கு ஆளான பின்னைய கருவியின் உற்பத்தி, ஏறத்தாழ 12,000 கருவிகளுடன் 1983 இல் நின்றது. பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைத்த இக்கருவிகள் சிக்காகோ, டெற்றோயிற் நகரங்களின் கறுப்பின இளைஞர் கைகளை அடைந்தன. ஹவுஸ், ரெக்னோ ஆகிய இசைவகைகளின் உருவாக்கத்தில் அவை பங்குகொண்டன. குறையெனக் கருதப்பட்ட அதன் நீண்டொலிக்கும் பெருமுரசொலி, பின்னர் பலராலும் விரும்பப்படும் ஒலியாயிற்று.

இயந்திரம் முரசுக் கலைஞரின் தொழிலைப் பறிக்கும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. ஒலிப்பதிவுச் செலவைக் குறைக்க விரும்புவோருக்கு அது வாய்ப்பாகவே அமைந்தது. எனினும், வாத்தியம் வாங்க வசதியற்றோரை இசையாக்கத்துள் கொணர்ந்ததும் அதே இயந்திரமாகும். ஆகவே, புதிய தாளக்கருவியொன்றை மதிப்பிடுவோர் தாளத்தில் எவ்வளவைக் கலைஞரே தீர்மானிக்கலாம் என்பதையும், அக்கருவியை வாங்க எத்தகையோரால் இயலும் என்பதையும் முதலிற் கேட்டறிதல் வேண்டும்.