வீட்டு சி.என்.சி. மெஷினுக்கு எந்த வைஸ் வாங்கலாம்?

கம்ப்யூட்டரில் வரைந்ததைத் தாளில் பிரிண்ட் எடுப்பது போல, இன்று அலுமினியத்திலும் வெட்டி எடுக்கலாம். 3018 எனப்படும் சிறிய சி.என்.சி. மெஷினைப் பலர் வீட்டு மேஜையிலேயே வைத்திருக்கிறார்கள். தென்காசிக்கு அருகே சுரண்டையில் என் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது. 2009-ல் வெளியான ஜிஆர்பிஎல் என்ற இலவச புரோகிராம் இதன் மோட்டார்களை இயக்குகிறது. சாப்ட்வேரைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவர்கள், துண்டைப் பிடிக்கும் வைஸைப் பற்றிக் கேட்பதில்லை. கட்டர் நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது பிடி நழுவினால் கட்டர் உடையும். துண்டு தெறித்துக் கண்ணையும் பதம் பார்க்கும்.

எதை வாங்குவது?

டிரில் வைஸ் விலை குறைவு. ஆனால் அது மேலிருந்து கீழே அழுத்தும் வேலைக்கானது. மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வரும். மேலும் இறுக்கும்போது இதன் அசையும் தாடை சற்று மேலே தூக்கும், துண்டும் சாய்ந்துவிடும்.

மில்லிங் வைஸ் உறுதியானது. ஆனால் கனமானது. 3018-ல் பெட்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. அதிக எடையை அதன் சிறிய மோட்டார் இழுக்கத் திணறும்.

ஸ்க்ரூலெஸ் வைஸ் உயரம் குறைந்தது. இறுக்கும்போது தாடையைக் கீழ்நோக்கியும் இழுக்கிறது. சிறிய மெஷினுக்கு 2 அங்குல அளவே போதும் என்பது என் கருத்து.

வாங்கும் முன் உயரத்தை அளந்து கொள்ளவும். 3018-ன் இசட் நகர்வு சுமார் 45 மி.மீ. மட்டுமே. வைஸ், துண்டு, கட்டர் மூன்றும் பெட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே அடங்க வேண்டும்.

பொருத்துவது எப்படி?

1. வைஸை டி-நட் கொண்டு பெட்டில் வைத்து, ஒரு போல்ட்டை மட்டும் லேசாக இறுக்கவும்.

2. ஸ்பிண்டிலை ஆஃப் செய்து, அதன் பிராக்கெட்டில் டயல் கேஜைப் பொருத்தவும். கேஜின் முனை நிலையான தாடையைத் தொட வேண்டும். அசையும் தாடையில் அளக்க வேண்டாம்.

3. கம்ப்யூட்டரில் ஜாக் பட்டனால் எக்ஸ் திசையில் நகர்த்தவும். இரு முனைகளிலும் ஒரே அளவு காட்டும் வரை வைஸை மெல்லத் தட்டி, பிறகு போல்ட்டுகளை முழுதாக இறுக்கவும். இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கவும்.

துண்டைத் தாடையின் நடுவில் பிடிக்கவும். ஓரத்தில் பிடித்தே ஆக வேண்டுமானால், மறு ஓரத்தில் அதே தடிமனுள்ள ஒரு துண்டை வைக்கவும். அடியில் பேரலல் பார்களை வைத்து, இறுக்கியபின் நைலான் சுத்தியால் தட்டவும். பார் கையால் அசைந்தால் துண்டு சரியாக அமரவில்லை என்று பொருள்.

ஜீரோவை நினைவில் வைக்கலாம்

லிமிட் ஸ்விட்ச் உள்ள மெஷினாக இருந்தால் ஒரு வசதி உண்டு. ஹோமிங் செய்துவிட்டு, நிலையான தாடையின் மூலையை ஜி54-ன் ஜீரோவாகப் பதிவு செய்யவும். மின்சாரம் போனாலும் ஜிஆர்பிஎல் இதை மறக்காது. வைஸை அசைக்காதவரை, மறுநாள் ஹோமிங் செய்ததும் அதே இடத்தில் வேலையைத் தொடரலாம்.

துருவைத் தவிர்க்க

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். அந்த ஈரக்காற்றில் இரும்பு வைஸ் எளிதில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் உலோகத் தூளை பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, மெல்லிய எண்ணெய் பூசி வைக்கவும். கையால் தூளைத் தொட வேண்டாம். மெஷின் ஓடும்போது கண்ணாடி அணிய மறக்க வேண்டாம்!