ரசிகர்கள் உருவாக்கும் வீடியோ கேம்: சட்டமும் அறமும்

ஒரு நாவல், திரைப்படம் அல்லது பழைய விளையாட்டின் மீதுள்ள பற்றினால், உரிமையாளரின் அனுமதி பெறாமலே அதன் பாத்திரங்களையும் கதைக்களத்தையும் கொண்டு ரசிகர்கள் தாமே உருவாக்கி, பெரும்பாலும் இலவசமாக வழங்கும் வீடியோ கேம்கள் ‘ரசிகர் விளையாட்டுகள்’ எனப்படுகின்றன. காசு வாங்காதவரை இதில் தவறில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமோ, எடுத்தாளப்படும் பொருள் யாருக்கு உரியது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய இரண்டு எழுத்தாளர்களின் படைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

முதலாமவர், திருச்சியில் பள்ளி மாணவராக இருந்தபோது 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பைக் கைவிட்ட கல்கி. எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்தபின் மேலும் 60 ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்தின் மீது வாரிசுகளுக்கு உரிமை உண்டு என்பது சட்டம். கல்கி 1954இல் மறைந்ததால் அந்தக் காலம் 2014இன் இறுதியோடு முடிந்திருக்கும். எனினும் அதற்கு முன்பே தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை அளித்து அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி, எவரும் பதிப்பிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கிவிட்டது. ஆகவே அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் வந்தியத்தேவனை நாயகனாக்கிக் காவிரிக்கரையில் குதிரையேற்றிவிடும் ஒரு விளையாட்டை இன்று யாரிடமும் கேட்காமல் உருவாக்கலாம், விற்கவும் செய்யலாம்.

ஆனால் நாவலின் எழுத்து பொதுவுடைமையாவதால் அதைச் சூழ்ந்து வளர்ந்த அனைத்தும் பொதுவுடைமையாகிவிடுவதில்லை. தொடர்கதையாக வந்தபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்த ஓவியர் மணியம் 1968இல் மறைந்தவர் என்பதால், அந்த ஓவியங்களின் பதிப்புரிமைக் காலம் 2028இன் இறுதிவரை நீள்கிறது. மணிரத்னம் இயக்கி 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியான திரைப்படத்தின் காட்சிகள், இசை, வசனம் ஆகியவை அவற்றுக்கு உரியவர்களின் தனிச்சொத்து. நடிகர்களின் முகச்சாயலைப் பயன்படுத்துவதோ வேறொரு வழக்குக்கும் வழிவகுக்கக்கூடும். நாவலைப் படித்துப் புதிதாக வரைந்த வந்தியத்தேவனுக்குத் தடையில்லை. படத்தில் கண்டவனை அப்படியே பெயர்த்தெடுத்தால் தடையுண்டு.

இரண்டாமவர், சிறுவயதைத் திருவரங்கத்தில் கழித்து, அவ்வூரை ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய சுஜாதா. அவர் 2008இல் மறைந்ததால் அவருடைய எழுத்தின் மீதான உரிமை 2068இன் இறுதிவரை நீடிக்கும். ‘என் இனிய இயந்திரா’வின் இயந்திர நாய் ஜீனோ விளையாட்டுக்கென்றே பிறந்ததுபோல் தோன்றினாலும், அக்கதையை விளையாட்டாக மாற்றுவது தழுவலாகக் கருதப்படும், ஒரு படைப்பை வேறொரு வடிவத்துக்கு மாற்றும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு.

நியாயமான கையாளுகை என்ற விதிவிலக்கு, அதாவது சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்காக அனுமதியின்றிப் பயன்படுத்தும் சலுகை, சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு கல்லூரி மாணவர் நிரல் எழுதிப் பழகுவதற்காகத் தம் கணினிக்குள்ளேயே ஜீனோவை ஓடவிட்டால் இச்சலுகையைக் கோர இடமுண்டு. அதையே எவரும் பதிவிறக்கும்படி இணையத்தில் ஏற்றினால் சொந்தப் பயன்பாடு என்ற வாதம் நிற்காது. இலாப நோக்கின்மை குற்றத்தை நீக்குவதில்லை, தண்டனையைத்தான் குறைக்கிறது: 63ஆம் பிரிவின்படி குறைந்தபட்சம் 6 மாதச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் உண்டு, வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாத மீறலாயின், உரிய காரணத்தைப் பதிவுசெய்து அதனினும் குறைவாக விதிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கப்பட்டுள்ளது.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. இயந்திர நாய் என்ற கருத்து எல்லோருக்கும் பொது. ஜீனோ என்ற பெயரும் இயல்பும் பேச்சும் சேர்ந்து உருவான பாத்திரத்தைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. ரசிகர் விளையாட்டு பெரும்பாலும் பாத்திரத்தின் அடையாளத்தையே நம்பி நிற்பதால் இந்த வேறுபாடு அதற்கு அதிகம் உதவுவதில்லை.

உலக அளவில் உரிமையாளர்கள் இருவேறு வழிகளில் நடந்திருக்கிறார்கள். நின்டெண்டோவின் 1991ஆம் ஆண்டு ‘மெட்ராய்டு 2’ விளையாட்டை ஒரு ரசிகர் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டபோது, அந்நிறுவனம் சில நாட்களிலேயே அதை இறக்கச் செய்தது. மறு ஆண்டே தன்னுடைய புதுப்பித்த பதிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செகா நிறுவனமோ, சோனிக் ரசிகர் விளையாட்டுகளால் பெயர்பெற்றவர்களையே அழைத்துப் பணிகொடுத்து 2017இல் ‘சோனிக் மேனியா’வை வெளியிட்டது.

சட்டம் அனுமதிப்பதாலேயே ஒரு செயல் முறையானதாகிவிடாது. பெயரும் ஆக்கத்தின் மாண்பும் சிதையாமல் காக்கும் தார்மிக உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு படைப்பாளிக்கு அளிக்கிறது; ஆயினும் கோயில்களுக்கும் வரலாற்று மாந்தருக்கும் அத்தகைய காவல் இல்லை. ஏழு பிரகாரங்கள் கொண்ட திருவரங்கம் கோயிலைத் துப்பாக்கிச் சண்டைக்குக் களமாக்கினால் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கிடாதிருக்கலாம், வழிபடுவோரின் மனம் புண்படும். மான்செஸ்டர் தேவாலயத்தின் உட்புறத்தைத் துப்பாக்கிச் சண்டைக் காட்சிக்குப் பயன்படுத்தியதற்காகச் சோனி நிறுவனம் 2007இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சோழர் காலக் கதையில், திருவரங்கம் கோயிலின் 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தை நிறுத்தி, அதை வரலாறு என்று சிறுவர்கள் நம்பும்படி விடுவதும் பொறுப்பின்மையே.

ஆகவே எழுத்து, ஓவியம், இசை, முகம் ஆகிய ஒவ்வொன்றின் உரிமையாளரையும் முதலிலேயே தனித்தனியே கண்டறிவதும், உரிமை உயிரோடிருக்கும் இடத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்பதும் ரசிகரின் கடமை. உரிமையாளருக்கும் ஒரு கடமை உண்டு. எது கூடும், எது கூடாது, இலவச ஆக்கங்களுக்கு என்ன நிபந்தனை என்பதை வாரிசுகளும் பதிப்பகங்களும் வெளிப்படையாக அறிவித்தால், ரசிகர்கள் அச்சத்தோடும் உரிமையாளர்கள் ஐயத்தோடும் இருக்க வேண்டியதில்லை. 2068க்குக் காத்திராமலே ஜீனோ ஒரு புதிய தலைமுறையின் திரையில் நேர்மையான வழியில் ஓடமுடியும்.