தீபாவளி வாழ்த்து அட்டை: தொலைந்தது அட்டை மட்டுமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சுங்கைப்பட்டாணி, கூலிம் பட்டணத்துக் கடைகளில் வாழ்த்து அட்டைகள் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. குத்துவிளக்கும் கோலமும் அச்சிட்ட அட்டைகளை வாங்கி வந்து, பழைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் முகவரிகளைப் பார்த்து எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு அதுவே தமிழ் எழுதும் பயிற்சி. வந்த அட்டைகள் நூலில் கோக்கப்பட்டு வீட்டுச் சுவரில் தோரணமாகத் தொங்கும்.

இந்த வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். மலிவான தபாலே அட்டையை வளர்த்தது. நம்மவர்கள் அதைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியதாக்கிக் கொண்டனர்.

தோட்டத்து முகவரி

தோட்டத்துக்கு எழுதுவது எளிது. பீடோங் ஹார்வர்ட் தோட்டம் என்றால் ஆளின் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், 08100 என்ற அஞ்சல் குறியீடு. அவ்வளவுதான். தோட்டங்களில் பெரும்பாலும் கடிதங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்குப் போகும். வீட்டு எண் தெரியாவிட்டாலும் ஆள் தெரிந்தால் போதும்.

ஏன் மறைந்தது?

கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி முதல் காரணம். பின்னர் வாட்ஸ்அப் வந்தது. 2010 ஜூலையில் சாதாரணக் கடிதத்தின் தபால் கட்டணம் 30 சென்னிலிருந்து 60 சென்னாக உயர்ந்தது. ஆனால், அதற்கு முன்பே அட்டை குறையத் தொடங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ரப்பர் செம்பனையானது, பல தோட்ட நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் பல தாமான்களுக்குச் சிதறினர். நோட்டுப் புத்தகத்தில் இருந்த முகவரிகள் செல்லாதவை ஆயின. புதிய முகவரியைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? தொலைபேசி எண் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். எண் மாறியதும் உறவும் அறுந்தது.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்வதற்கில்லை. பேரப்பிள்ளையின் முகத்தையே அது தாத்தாவுக்குக் காட்டுகிறது. ஆனால், நூறு பேருக்கு அனுப்பிய ஒரே படம், உங்களை நினைத்து எழுதிய இரண்டு வரிக்கு ஈடாகுமா?

டென்மார்க் நாட்டின் அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. நம் நாட்டில் தபால்காரர் இன்னும் வருகிறார். இந்தத் தீபாவளிக்கு, கைப்பேசி பழகாத ஒரு பெரியவருக்காவது அட்டை அனுப்பலாம். முகவரி தெரியவில்லையா? உறவினர்களிடம் விசாரியுங்கள். அறுந்த உறவு அந்த விசாரிப்பிலேயே துளிர்க்கத் தொடங்கும்.